தோம்பைக் கழுவினால் தின்னர் போகாது

பாட்டி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "நல்லா கழுவிட்டோம் டாக்டர். மூணு தடவை."

நான் இன்னும் எதையும் கேட்கவில்லை. பேத்திகள் இரண்டு பேருக்கும் இரண்டு நாளாகத் தலைவலி, குமட்டல். சின்னவள் காலையில் வாந்தி எடுத்திருக்கிறாள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. "குளிச்சிட்டு வந்தா தலைவலி கூடுது" என்று பெரியவள் சொன்னாள். பதினொரு வயதுப் பிள்ளை. எனக்குத் தேவைப்பட்ட தகவலை அவள்தான் கொடுத்தாள். குளிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தண்ணீர் வெட்டு வந்தபோது லோரியில் விற்றுக்கொண்டு வந்தவரிடம் 25 ரிங்கிட்டுக்கு வாங்கிய நீலத் தோம்பிலிருந்து, அதாவது பெரிய பிளாஸ்டிக் பீப்பாயிலிருந்து.

வீட்டிலிருந்த மருமகனிடம் தோம்பின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். லேபிளில் பாதி கிழிந்திருந்தது. மிச்சமிருந்த பாதியில், சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு தீச்சுவாலை. பக்கத்தில், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு மனித உருவம். கீழே 'பஹாயா', அதாவது ஆபத்து, என்று பெரிய எழுத்தில். அதற்கும் கீழே 'தொலுவே' வரை தெரிந்தது, மீதியைக் காணவில்லை. டொலுயின், பெயிண்ட் கரைக்கும் தின்னரில் இருக்கும் சரக்கு. மூன்று தடவை கழுவியவர்கள் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

இந்த வருடத்தில் எனக்கு இது நான்காவது தோம்பு. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊரை அரசாங்கம் பெஸ்தாரி ஜெயா என்கிறது, நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்கிறோம். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலிருந்தே இங்கே தோம்பு இல்லாத வீடு கிடையாது. மழைத்தண்ணீர் பிடிக்கத் தோம்பு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கத் தோம்பு, கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவத் தோம்பு. தீமிதியன்று கோயில் வாசலில் ரோஸ் சிரப் கலக்குவதும் அதே நீலத் தோம்பில்தான். முன்பு வந்தவை பெரும்பாலும் எண்ணெயோ சாஸோ இருந்தவை. இப்போது சுற்றியிருக்கும் தொழிற்பேட்டைகளிலிருந்து வருகின்றன. பெயிண்ட், பசை, பிரிண்டிங் மை, இயந்திரத்தின் கிரீஸைக் கழுவும் திரவம் என்று எது இருந்ததோ யாருக்கும் தெரியாது. ரசாயனம் பட்ட காலித் தோம்பு சட்டப்படி சும்மா விற்கக்கூடிய பொருளே இல்லை. 2005ஆம் ஆண்டு திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைகளில் அதற்கு எஸ்டபிள்யூ 409 என்று தனி எண் இருக்கிறது. உரிமம் உள்ளவர்கள்தான் எடுத்துப் போக வேண்டும். அது எப்படி பழைய சாமான் லோரியில் ஏறி உங்கள் வாசலுக்கு வருகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரில் வாடை அடித்தது நினைவிருக்கும். நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் சுங்கை செமினியில் மறுபடியும் வாடை. மக்கள் என்ன செய்தார்கள்? அடுத்த வெட்டுக்குத் தயாராகத் தோம்பு வாங்கினார்கள். ஆற்றில் இருந்ததற்குப் பயந்து, அதே வகைச் சரக்கு இருந்த தோம்பை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம். ஆற்றிலாவது ஒருவர் முகர்ந்து பார்த்து பம்ப்பை நிறுத்துகிறார்.

சரி, கழுவும் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வருகிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், அதனால் இதற்கு நேரம் எடுத்துக்கொள்வேன்.

வீட்டில் சம்பால் பெலாச்சான், அதாவது இறால் விழுதுச் சம்பல், வைத்த பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதா? அதை எத்தனை முறை கழுவியிருப்பீர்கள்? சோப்பு, எலுமிச்சை, வெயில் எல்லாம் பார்த்த பிறகும் மூடியைத் திறந்தால் பெலாச்சான் வருகிறதல்லவா? பிளாஸ்டிக் வழவழப்பாகத் தெரிந்தாலும் கண்ணாடி மாதிரி கிடையாது, சரக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். டொலுயின், சைலீன் போன்றவை மாதக்கணக்கில் நின்ற தோம்பின் சுவருக்குள் ஊறிப்போயிருக்கும். நீங்கள் கழுவுவது மேற்புறத்தை. உள்ளே ஊறியது, நீங்கள் தண்ணீர் நிரப்பிய பிறகு, மெல்ல மெல்ல வெளியே வரும். வெயிலில் வைத்தால் இன்னும் வேகமாக வரும். நம் ஊரில் தோம்பை வேறு எங்கே வைக்கிறோம்?

"வாடை போயிடுச்சே டாக்டர்" என்பார்கள். போனது வாடையா, உங்கள் மூக்கா? தின்னர் வாடையில் கொஞ்ச நேரம் நின்றால் மூக்கு பழகிவிடும். பெயிண்ட் கடையில் வேலை செய்கிறவரைக் கேளுங்கள், வாடையா, எங்கே என்பார். இன்னொன்று, எல்லாச் சரக்கும் ஒரே மாதிரி மணக்காது. டொலுயின் தண்ணீரில் மிகக் கொஞ்சம் இருந்தாலே மணக்கும், அந்த வகையில் அது யோக்கியன். பென்சீன் அப்படி இல்லை. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மூக்குக்குத் தெரிய வருவதற்குள் அந்த அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கும். வாடை அடித்தால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். வாடை இல்லை என்றால், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். டொலுயினுக்கு அதே நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். 200 லிட்டர் தோம்பு நிறையத் தண்ணீர், அதில் ஐந்தாறு சொட்டு விழுந்தால் போதும், அளவு எட்டிவிடும். பென்சீன் என்றால் ஒரு சொட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு. மூன்று முறை கழுவிய தோம்பில் ஐந்தாறு சொட்டு மிஞ்சாது என்று சொல்ல உங்களால் முடியுமா? கழுத்து மடிப்பில், மூடியின் திருகில், அடியில் இருக்கும் பள்ளத்தில்? போதாததற்கு டொலுயின் தண்ணீரைவிட லேசு. கரையாமல் இருப்பது மேலே மிதக்கும். கோப்பையை விட்டு மொள்ளும்போது முதலில் வருவது அதுதான். அதைத் தலையில் ஊற்றிக்கொண்டு, கதவைச் சாத்திய குளியலறையில் நிற்கிறோம். பெரியவளுக்குக் குளித்தால் தலைவலி கூடியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

"காய்ச்சித்தான் டாக்டர் குடிக்கிறோம்." கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தின்னர் கிருமி இல்லை. அது ஆவியாகிச் சமையலறைக்குள் பரவும், எரிகிற கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே. கெட்டலில் சுட வைத்தாலும் அதே கதைதான்.

பாட்டியின் பேத்திகள் நலம். வேறு தண்ணீருக்கு மாறி இரண்டே நாளில் தலைவலி நின்றுவிட்டது, இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. எல்லோருக்கும் இப்படி முடியாது.

ஒன்றரை வயதுப் பையன். தாத்தா வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, மிச்சத் தின்னரை மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார். பிள்ளை ஒரு வாய் குடித்திருக்கிறான். அதோடு விட்டிருந்தால் பெரும்பாலும் தப்பியிருப்பான். வீட்டிலிருந்தவர்கள் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்து, அப்புறம் பாலும் கொடுத்திருக்கிறார்கள். தின்னர், மண்ணெண்ணெய், டர்பென்டைன் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அங்கே ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம். என்னிடம் தூக்கி வந்தபோது பையன் மூச்சுக்கு மூச்சு முனகிக்கொண்டிருந்தான். பத்து நாள் மருத்துவமனையில் இருந்தான், அதில் நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில்.

பால் விஷத்தை முறிக்கும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு இன்றும் ஆளுக்கொரு பாக்கெட் பால் கொடுக்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் மூச்சு வழியாக இரத்தத்துக்குப் போனதை வயிற்றுக்குள் போகும் பால் எங்கே போய்ப் பிடிக்கும்? அந்தக் காசுக்குச் சரியான முகமூடி வாங்கிக் கொடுங்கள். சரியான முகமூடி என்றால் காதில் மாட்டும் மூன்றடுக்கு முகக்கவசம் இல்லை, என்95ம் இல்லை. அவை தூசியைத்தான் தடுக்கும். கரைப்பான் ஆவிக்கு, கரித்தூள் டப்பா பொருத்திய முகமூடி வேண்டும், டப்பாவைக் காலத்தோடு மாற்றவும் வேண்டும்.

வேலையிடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் பட்டறையில் கையில் ஒட்டிய கிரீஸைத் தின்னரால் கழுவுகிறீர்களே தம்பிகளே, தோல் வெடிக்கிறது என்று என்னிடம் வந்து களிம்பு கேட்கிறீர்கள். தோலின் எண்ணெய்ப் பசையை அது உரித்துவிடும், உள்ளேயும் போகும். சோப்புக்கும் மரத்தூளுக்கும் என்ன குறை? பசை ஒட்டுகிற வேலையில் இருப்பவர்களுக்குக் கால் விரலிலிருந்து மரத்துக்கொண்டு வந்தால் 'நரம்பு வீக்' என்று பி12 மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருக்க வேண்டாம். பசையில் நரம்பைக் கெடுக்கும் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ரசாயனத்தின் பாதுகாப்புத் தாளை முதலாளி காட்ட வேண்டும், கையுறைக்கும் முகமூடிக்கும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. 2024 ஜூன் 1 முதல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் சேர்த்துத்தான். வேலையால் வந்த நோய் என்றால் பெர்கெசோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், இழப்பீடு கோரலாம்.

சக டாக்டர்களுக்கும் ஒன்று, மற்றவர்கள் தாண்டிப் போகலாம். பெயிண்ட் உரிக்கும் திரவத்தோடு மூடிய அறையில் இருந்தவர் தலைசுற்றலோடு வந்தால், ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டும் கருவி 98 காட்டுகிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதில் மெத்திலீன் குளோரைடு இருந்தால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். அதற்கும் ஆக்சிஜனுக்கும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது.

தோம்பை அறுப்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதியாக அறுத்துக் கோழி சுடும் அடுப்பு செய்ய, கிரைண்டர் வைப்பார்கள். இரும்புத் தோம்பு காலியாக இருக்கிறதே என்பார்கள். நிறைந்த தோம்பைவிடக் காலித் தோம்புதான் வெடிக்கும், உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. டொலுயின் 4 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் எந்த நேரமும் 4 டிகிரிக்கு மேல்தான். கிரைண்டரின் ஒரு பொறி போதும். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் வந்தவருக்குப் புருவம், முன்முடி, இரண்டு முன்கை. கண் தப்பியது அதிர்ஷ்டம்.

இனி செய்ய வேண்டியவை. தோம்பில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவரால் சொல்ல முடியவில்லையா, வாங்காதீர்கள். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தால் கண்டிப்பாக வாங்காதீர்கள். சிவப்புக் கட்டத்துக்குள் படம் இருந்தால் குடிக்க, குளிக்க, சமைக்க, ஆடு மாட்டுக்கு, எதற்கும் வேண்டாம். தண்ணீர் சேமிக்க உணவுக்கான புதுத் தோம்பு வாங்குங்கள், விலை கூடத்தான். மிச்சத் தின்னரைக் குடிக்கிற பாட்டிலில் ஊற்றவே கூடாது. ஊற்றிய பாட்டில் வீட்டில் இருக்கிறதென்றால் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் அதை முதலில் எடுங்கள், நான் காத்திருக்கிறேன். கால்வாயிலும் கொட்டாதீர்கள். இங்கே கால்வாய் எந்த ஆற்றுக்குப் போகிறது என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். நனைந்த துணியைக் கழற்றுங்கள், தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். இருமல் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறான் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், ஆறு மணி நேரமாவது மருத்துவர் கண்ணில் இருக்க வேண்டும். மயங்கிக் கிடந்தால் 999. பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தை நாங்கள் டாக்டர்களே அழைத்துக் கேட்போம், நீங்களும் கேட்கலாம்.

ஆடி வருகிறது. கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களே, தண்ணீர்ப் பந்தலுக்கு எடுத்து வைத்திருக்கும் தோம்புகளை ஒரு தடவை படுக்கப்போட்டு லேபிளைப் பாருங்கள். புரியவில்லை என்றால் படம் எடுத்து என் கிளினிக் கவுண்டரில் காட்டுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. லேபிளே இல்லாத தோம்பைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். அதற்கு நான் சொல்லப்போகும் பதில் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.