பால், பாலினம், பால்நிலை: ‘ஜெண்டர்’ என்பதற்கு எது சரி?

‘கருவின் பாலினம்’ என்று மருத்துவக் கட்டுரைகளில் படிக்கிறோம். ‘வேலையிடத்தில் பாலினப் பாகுபாடு’ என்று செய்தியிலும் படிக்கிறோம். முதலாவது உடலைப் பற்றியது. குரோமோசோமும் உறுப்புகளும் தீர்மானிப்பது. இரண்டாவது, அந்த உடலைப் பார்த்து ஊர் உலகம் என்ன எதிர்பார்க்கிறது என்பதைப் பற்றியது. ஆங்கிலம் முதலாவதை செக்ஸ் என்றும் இரண்டாவதை ஜெண்டர் என்றும் பிரித்து வைத்திருக்கிறது. நாம் இரண்டுக்கும் ‘பாலினம்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். இதை ஒரு சின்ன மொழிபெயர்ப்புக் குறையாக என்னால் ஒதுக்க முடியவில்லை. பிறப்பால் வந்ததையும் பழக்கத்தால் வந்ததையும் ஒரே பெயரில் அழைத்தால், பழக்கத்தால் வந்ததும் மாற்ற முடியாத இயற்கை போலத் தோன்றிவிடுகிறது.

ஜெண்டரின் மூலம் லத்தீனின் ‘கெனுஸ்’. வகை, இனம், பிறப்பு என்பதெல்லாம் அதன் பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உயிரியலில் பேரினத்தைக் குறிக்கும் ‘ஜீனஸ்’, கலை வகையைக் குறிக்கும் ‘ஜானர்’ எல்லாம் அதே குடும்பம்தான். நெடுங்காலம் அது பெரும்பாலும் இலக்கணச் சொல்லாகவே புழங்கியது, பெயர்ச்சொற்களை வகைப்படுத்துவதற்காக. ஜெர்மன் மொழியில் சூரியன் பெண்பால், நிலா ஆண்பால். பிரெஞ்சில் நேர் எதிர். சூரியனிடமோ நிலாவிடமோ அதற்கு எந்தக் காரணமும் இல்லை; அந்தந்த மொழியைப் பேசியவர்களின் வழக்கம், அவ்வளவுதான்.

ஒரு சமூகம் தானாக வகுத்துக்கொண்ட வகைப்பாடு என்ற இந்தக் குணம்தான் பிறகு சமூக அறிவியலுக்குக் கைகொடுத்தது. பெண்ணாக யாரும் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறார் என்ற கருத்தை 1949-லேயே சிமோன் தெ பொவார் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதிவிட்டார். ஆனால் அவர் ஜெண்டர் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. 1955-ல் ஜான் மணி என்ற உளவியலாளர், ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வெளிக்காட்டும் நடத்தைகளுக்கு ‘ஜெண்டர் ரோல்’ என்று பெயரிட்டார். 1972-ல் ஆன் ஓக்லி என்ற சமூகவியலாளர் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார்: செக்ஸ் என்பது உடல், ஜெண்டர் என்பது பண்பாடு. இன்றைய பொருள் அப்படி நிலைபெற்றதுதான்.

சரி, பண்பாடு அதை எப்படி உருவாக்குகிறது? தமிழிலேயே அழகான ஒரு சான்று இருக்கிறது. ‘குழந்தை அழுதது’ என்கிறோம், ‘அழுதான்’, ‘அழுதாள்’ என்பதில்லை. குழந்தை என்ற சொல்லுக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது. ஆனால் கொஞ்ச நாளில் அதே அழுகைக்கு இரண்டு பதில் வருகிறது. ஒரு குழந்தையிடம் ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா?’ என்கிறோம், இன்னொன்றை எடுத்து அணைத்துக்கொள்கிறோம். அப்புறம் ‘பொம்பளப் பிள்ளை இப்படிச் சத்தமாச் சிரிக்கலாமா?’ வருகிறது. ஒருவனுக்கு அழுகை போகிறது, ஒருத்திக்குச் சிரிப்பு போகிறது. இரண்டுமே இழப்புதான். ‘பொறுப்பான மகன்’ என்றால் சம்பாதிப்பவன் என்றும், ‘பொறுப்பான மகள்’ என்றால் வீட்டு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவள் என்றும் நமக்குப் புரிந்துவிடுகிறது. யாரும் பொருள் சொல்லித் தரவில்லை, சொல் ஒன்றுதான், இருந்தும் புரிகிறது. ஜெண்டர் வேலை செய்யும் விதம் இதுதான். வேலை தேட முடியாத மகனின் அவமானமும், வேலையை விடச் சொல்லப்பட்ட மகளின் ஏமாற்றமும் அந்த ஒரே சொல்லிலிருந்து புறப்படுகின்றன.

உடல் மாறாமலேயே இந்த எதிர்பார்ப்பு மாறும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் நிறைய. 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குதிகால் உயர்ந்த செருப்பு உயர்குடி ஆண்களின் பெருமை; பிரான்சின் பதினான்காம் லூயி அதை அணிந்துதான் ஓவியத்துக்கு நின்றார். ‘கம்ப்யூட்டர்’ என்பது ஒரு காலத்தில் கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. அந்த வேலையில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். 1946-ல் அமெரிக்காவில் பொதுமக்கள் பார்வைக்கு வந்த எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த முதன்மைக் குழுவினர் 6 பெண்கள். நிரல் எழுதுவது ஆண்களுக்கு இயல்பாக வரும் வேலை என்ற பேச்சு பிறகு வந்தது.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். ‘பால்’ என்பதற்குப் பகு என்பதே வேர். பகுத்தது, பகுதி, பங்கு என்பது பொருள். அறத்துப்பால், பொருட்பால் என்பதும் அதே பால்தான். தொல்காப்பியம் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என ஐந்தாகப் பகுக்கிறது. இந்த ஐந்தில் ஒருமையும் பன்மையும் கலந்திருப்பதைப் பாருங்கள். ஆகவே இலக்கணத்தில் பால் என்பது வெறும் உடலைப் பற்றிய பேச்சு அல்ல. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களைச் சுட்டும் ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’க்கும் அதே நூல் உயர்திணையில் இடம் தருகிறது.

பாலுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஊழ். ‘பரியினும் ஆகாவாம் பாலல்ல’ என்ற 376-ஆம் குறளில் அந்தப் பொருள்தான். பங்கு என்பதிலிருந்து ‘ஒருவருக்கு அளந்து வைத்த பங்கு’ என்றாகி, விதியாகிவிட்டது. ஆண், பெண் என்ற பகுப்புக்கும் பின்னாளில் இதுதான் நேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பகுத்தவர்கள் மறைந்துபோனார்கள், பகுப்பு விதி என்ற பெயரில் நின்றுவிட்டது.

ஜெண்டருக்குத் தமிழகத்தில் ‘பாலினம்’ என்ற சொல் வேரூன்றியிருக்கிறது. கெனுஸ் என்றால் இனம் என்பதால் சொல்லுக்குச் சொல் பொருத்தம்தான். ஆனால் இனம் என்றதும் பிறப்பிலேயே வந்தது, மாறாதது என்ற நினைப்பு எழுகிறது. இந்தச் சொல் சொல்லவந்த கருத்துக்கு அது நேர் எதிர். இலங்கைத் தமிழில் ‘பால்நிலை’ என்கிறார்கள். பால்நிலைச் சமத்துவம் என்பது அங்கே வழக்கமான தொடர். நிலை என்றால் ஒருவர் நிற்கும் இடம், நிறுத்தப்பட்ட இடமும்தான். அங்கிருந்து நகரலாம். என் தேர்வு இதுதான்: உடலுக்குப் ‘பால்’, சமூகம் ஏற்றியதற்குப் ‘பால்நிலை’. கருவின் பால், பால்நிலைப் பாகுபாடு. ‘பாலினம்’ இரண்டுக்கும் நடுவே தத்தளிக்க வேண்டியதில்லை.

‘ஜெண்டர் ரோல்’ என்பதில் உள்ள ரோல், நடிகரின் வசனம் எழுதிய காகிதச் சுருளைக் குறித்த பிரெஞ்சுச் சொல். தமிழகத்தில் பங்கு, பாத்திரம் என்கிறோம். ஈழத்தில் ‘வகிபாகம்’ என்கிறார்கள், வகிக்கும் பாகம். எனக்கு இது மிகவும் பிடித்த சொல். யாரோ எழுதிக் கொடுத்ததை ஒருவர் வகிக்கிறார் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

கடைசியாக, ‘ஆண்மை’. இதை ஆண் + மை என்று மட்டும் பிரித்துவிட்டால் பாதி பொருள் போய்விடும். ஆள் + மை என்றாலும் ஆண்மைதான், ஆளும் தன்மை. தாளாண்மை, வேளாண்மை, இன்றைய மேலாண்மை எல்லாவற்றிலும் இருப்பது ‘ஆள்’, ஆண் அல்ல. பிறர் மனையை நோக்காததைத்தான் குறள் ‘பேராண்மை’ என்கிறது. அதாவது தன்னை ஆள்வது. அந்தச் சொல் மீசைக்கும் மிரட்டலுக்கும் அடையாளமாகச் சுருங்கிப்போனதும் பால்நிலையின் கைவேலைதான். ‘பெண் மேலாளர்’ என்று எழுதுகிறவர்கள் ‘ஆண் மேலாளர்’ என்று எழுதுவதில்லை. ‘மேலாளர்’ என்ற சொல்லிலேயே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.