நோக்கியாவும் ஒரு வெற்று வரியும்

“நோக்கியா 2011இல் பேசாமல் ஆண்ட்ராய்டுக்கு மாறியிருந்தால் பிழைத்திருக்குமே, ஏன் மாறவில்லை?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். உலகத்தில் அதிகம் விற்ற ஸ்மார்ட்போன் இயங்குதளமான சிம்பியன் நோக்கியாவின் கையிலேயே இருந்தது. அப்படியிருக்க அது ஏன் மாற வேண்டியிருந்தது? சிம்பியனில் என்ன கோளாறு?

கோளாறு ஒன்றுமில்லை என்பதுதான் என் பதில். அது அருமையாகக் கட்டப்பட்ட இயங்குதளம். எந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கட்டினார்களோ, அந்தப் பற்றாக்குறை தீர்ந்துபோய்விட்டது.

இயங்குதளம் என்ன செய்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். ஒரு பிராசசர், கொஞ்சம் நினைவகம், ஒரு பேட்டரி. இவற்றைப் பல செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. பங்கிட உட்காரும்போதே எது அரிது, எது தாராளம் என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்த முடிவு இயங்குதளத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஊறிவிடும். பிற்பாடு அதைப் பிரித்தெடுப்பது லேசில் ஆகிற காரியம் இல்லை.

சிம்பியனின் பூர்வீகம் கைபேசி அல்ல. பிரிட்டனில் சயான் என்ற நிறுவனம் சட்டைப்பையில் வைக்கும் கணினிகளைச் செய்துகொண்டிருந்தது. 1997இல் வந்த அதன் சீரிஸ் 5 கணினியில் நினைவகம் 4 எம்.பி. அல்லது 8 எம்.பி. மின்சாரத்துக்கு இரண்டு சிறிய பேட்டரிகள் மட்டுமே. அதற்காக எழுதிய எபாக் என்ற இயங்குதளத்தை அடித்தளமாக வைத்து, நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா ஆகியவற்றோடு சேர்ந்து 1998இல் சிம்பியன் நிறுவனம் தொடங்கியது.

இந்த மாதிரிக் கருவியை யாரும் தினமும் அணைத்துப் போடுவதில்லை. மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கேதான் சிக்கல். ஒரு செயலி புகைப்படத்தைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தின் விவரங்களை வைக்க முதலில் நினைவகத்தில் ஒரு சின்னத் துண்டு கேட்கிறது, கிடைக்கிறது. அப்புறம் படத்துக்கே ஒரு பெரிய துண்டு கேட்கிறது, “இல்லை” என்று பதில் வருகிறது. செயலி அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வருகிறது. சரி, முதலில் வாங்கிய சின்னத் துண்டு என்ன ஆனது? அது எங்கே இருக்கிறது என்ற தகவல் பாதியில் நின்ற வேலையோடு சேர்ந்து போய்விட்டது. அந்தத் துண்டு யாருக்கும் பயன்படாமல், வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாமல் கிடக்கும். 4 எம்.பி.யில் இப்படி நாளுக்கு நாலு துண்டு தொலைந்தால் சீக்கிரமே எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

சிம்பியன் இதற்கு ஒரு குறிப்பேடு வைத்தது. கிளீனப் ஸ்டாக் என்பது அதன் பெயர். ஒரு துண்டை வாங்கியதும் அதன் முகவரியைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வேலை நல்லபடியாக முடிந்தால் அந்த வரியை அடித்துவிடலாம். நடுவில் முறிந்தால், குறிப்பேட்டைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்து, எழுதியிருக்கும் ஒவ்வொரு துண்டையும் இயங்குதளமே மீட்டுக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. குறிப்பேட்டில் ஒரு வரி எழுதவும் நினைவகம் வேண்டுமே! நினைவகம் தீர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒரு துண்டு கிடைத்தது, அதன் முகவரியை எழுதப் போனால் எழுத இடமில்லை என்று வந்தால் என்ன செய்வது? தொலையாமல் காக்க வைத்த ஏற்பாடே தொலைத்துவிடும். சிம்பியனின் பொறியாளர்கள் குறிப்பேட்டில் எந்த நேரமும் ஒரு வெற்று வரி தயாராக இருக்கும்படி செய்தார்கள். முகவரி வந்ததும் முதலில் அதை அந்த வெற்று வரியில் எழுதிவிட வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் அடுத்த வெற்று வரிக்கு இடம் தேட வேண்டும். இடம் கிடைக்கவில்லையென்றால் வேலை முறியும். முறியட்டும், முகவரிதான் ஏற்கனவே ஏறிவிட்டதே! துண்டு பத்திரமாகத் திரும்பி வரும். இந்த இரண்டு செயல்களையும் முன்பின்னாக மாற்றினால் எல்லாம் போச்சு. கூடுதலாகச் செலவானது ஒரே ஒரு வரிக்கான இடம். இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஒழுங்கு நிரலின் பெயர்களில்கூடத் தெரியும். பாதியில் முறியக்கூடிய செயல்பாட்டின் பெயர் பொதுவாக ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தில் முடியும். படிப்பவர் கண்ணில் அது பட்டதுமே, “இங்கே முறியலாம், குறிப்பேட்டில் எழுதியாயிற்றா?” என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சோதனை செய்யும்போது, கேட்கிற துண்டு கிடைக்காத மாதிரி வேண்டுமென்றே மறுத்து, செயலி ஒழுங்காகத் தப்பிக்கிறதா என்று பார்ப்பார்கள். செயலியை மூடும்போது ஒரு துண்டு திரும்ப வராவிட்டாலும் சோதனை அங்கேயே நின்றுவிடும்.

பேட்டரி விஷயத்திலும் இதே கறார்தான். செயலிகள் சும்மா சுற்றிக்கொண்டு “ஏதாவது வந்ததா?” என்று பார்க்கக் கூடாது. விசை அழுத்தப்பட்டாலோ செய்தி வந்தாலோ இயங்குதளம் எழுப்பும், அதுவரை எல்லோரும் தூங்க வேண்டும். எல்லோரும் தூங்கினால் பிராசசரும் தூங்கும்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர் நிரலாளர். சி++ என்ற நிரல்மொழி நன்றாகத் தெரிந்தவர்களும் சிம்பியனுக்கு வந்தால் பாதியை மறந்துவிட்டு மறுபடி கற்க வேண்டும். ஒரு வாக்கியத்தை நினைவகத்தில் வைப்பதற்கே தனி வகைகள், தனி விதிகள். அந்தக் காலத்துக்கு இது சரியான பேரம். நினைவகம் அரிது, நிரலாளரின் நேரம் தாராளம். ஏனென்றால் செயலிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் கருவி செய்த நிறுவனங்களின் சொந்தப் பொறியாளர்கள்.

அப்புறம் கணக்கு மாறியது. 2007இல் வந்த நோக்கியா என்95இல் நினைவகம் 64 எம்.பி. அதே ஆண்டு வந்த முதல் ஐபோனில் 128 எம்.பி. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் 192 எம்.பி. 2008இல் ஆப்பிள் செயலிக் கடையைத் திறந்ததும், கருவி செய்யாத ஆயிரக்கணக்கான வெளியாட்கள் எழுத வந்தார்கள். இப்போது அரிது நினைவகம் அல்ல, அந்த வெளியாட்களின் நேரம்.

ஆண்ட்ராய்டு எடுத்த வழியைப் பாருங்கள், முழுக்க எதிர்த்திசை. நினைவகம் குறைந்தால் அது செயலியிடம் நல்லபடியாகத் தப்பித்துக்கொள் என்று கெஞ்சுவதில்லை. திரையில் இல்லாத, கொஞ்ச நேரமாக யாரும் தொடாத ஒன்றைப் பார்த்து அப்படியே கொன்றுவிடும். திரையை விட்டு விலகும்போதே செயலி ஒரு சின்னச் சீட்டை எழுதிக் கொடுத்திருக்கும்: எந்தப் பக்கத்தில் இருந்தேன், பெட்டியில் என்ன தட்டச்சு செய்திருந்தார்கள் என்று. நீங்கள் திரும்பி வந்ததும் அந்தச் சீட்டை வைத்துப் புதிதாகப் பிறக்கும். அது செத்துப் பிறந்ததே உங்களுக்குத் தெரியாது. சிம்பியன் சாகாமல் இருக்கப் பாடுபட்டது, ஆண்ட்ராய்டு சாவை மலிவாக்கியது. நிரலாளருக்கு வேலை எவ்வளவு குறைந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

நோக்கியாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஐபோனுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 2005இல், தொடுதிரையோடு லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் 770 என்ற கையடக்கக் கருவியை அது விற்றது. 2008இல் டிரோல்டெக் நிறுவனத்தை வாங்கி, செயலி எழுத உதவும் கியூட்டி என்ற கருவித்தொகுப்பைக் கைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒருமுறை எழுதினால் சிம்பியனிலும் ஓடும், அடுத்து வரப்போகும் லினக்ஸிலும் ஓடும் என்பது திட்டம். 2010இல் இன்டெலோடு சேர்ந்து மீகோ என்று அந்த லினக்ஸுக்குப் பெயரும் வைத்தார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினால் போதும், புதுமை தானாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படி நம்பவில்லை. ஆய்வகத்தில் பிறந்த பொருளுக்கு, இன்று நன்றாக விற்கும் பொருளோடு மோத அனுமதியும் வேண்டும். 770இன் வாரிசுகளுக்கு அது கிடைக்கவில்லை, பல ஆண்டுகள் ஓரமாகவே வைக்கப்பட்டிருந்தன.

2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீஃபன் ஈலோப் தலைமைக்கு வந்தார். 2011 பிப்ரவரி 11 அன்று லண்டனில் முடிவை அறிவித்தார்: இனி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன்தான் நோக்கியாவின் முதன்மை ஸ்மார்ட்போன் இயங்குதளம். ஆண்ட்ராய்டை எடுத்தால் எல்லோரையும் போல ஆகிவிடுவோம், ஒரே ஒரு தயாரிப்பாளர் அங்கே மற்றவர்களை விழுங்கிவிடுவார் என்ற அச்சம் ஒரு காரணம். மைக்ரோசாஃப்ட் காலாண்டுக்கு 25 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டதும் கவனிக்க வேண்டியது.

விண்டோஸ் போன் 7 புதிய பற்றாக்குறையைப் புரிந்துகொண்ட இயங்குதளம்தான். அதுவும் செயலியைக் கொன்று சீட்டை வைத்து எழுப்பும். சிக்கல் வேறு இடத்தில். வெளியாட்கள் அதில் சி++ எழுத வழியில்லை, சி ஷார்ப் மாதிரியான மொழியில்தான் எழுத வேண்டும். கியூட்டிக்கும் இடமில்லை. ஆக, கியூட்டியை நம்பி எழுதியவர்களின் வேலை ஒரே நாளில் முன்னேற வழியில்லாமல் நின்றது. புதிய பற்றாக்குறை நிரலாளரின் நேரம் என்றால், இருந்த நிரலாளர்களின் நேரத்தையே தூக்கிப்போட்டது போல ஆகிவிட்டது.

இரண்டாவது அடி அதைவிடப் பெரியது. விண்டோஸ் போன் 7இன் அடியில் இருந்தது சின்னக் கருவிகளுக்கான விண்டோஸ் சிஇ கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு. விண்டோஸ் போன் 8க்கு மேசைக் கணினியின் என்டி கெர்னலைக் கொண்டுவந்தார்கள். தொழில்நுட்ப ரீதியில் நல்ல முடிவு. ஆனால் பழைய போன்கள் அதற்கு ஏற முடியாது. விண்டோஸ் போன் 7இல் ஓடிய நோக்கியாவின் லூமியா 900 அமெரிக்காவில் 2012 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது, ஜூனில் இந்த அறிவிப்பு வந்தது. வாங்கியவர்கள் கையில் இரண்டே மாதத்தில் பழைய போன்.

இதற்கு நடுவே, மாற்றுப் போன் வருவதற்கு எட்டு மாதம் முன்பே சிம்பியனுக்கு எதிர்காலம் இல்லை என்று அறிவித்ததன் பலனும் வந்தது. 2011இன் முதல் காலாண்டில் 2.42 கோடி ஸ்மார்ட்போன் விற்ற நோக்கியா அடுத்த காலாண்டில் 1.67 கோடிதான் விற்றது. அந்தக் காலாண்டில்தான் ஆப்பிள் முந்தியது. 2014 ஏப்ரலில் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. பின்லாந்தில் சாலோ நகரத் தொழிற்சாலை 2012லேயே மூடப்பட்டது, நம் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது 2014 நவம்பரில்.

ஈலோப் வேவு பார்க்க அனுப்பப்பட்டவர், நோக்கியாவைக் கவிழ்ப்பதற்கென்றே வந்தவர் என்ற கதையை இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பழி போட ஓர் ஆளைத் தேடுவது மாதிரிதான் படுகிறது. அவர் எடுத்த முடிவுகளில் பெரிய தவறுகள் உண்டு. ஆனால் அவர் வந்தபோதே சிம்பியனின் அடிப்படைக் கணக்கு தலைகீழாகியிருந்தது.

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டுக்கு மாறியிருந்தால், விண்டோஸ் போனில் வந்தது போன்ற செயலிப் பஞ்சம் வந்திருக்காது, அது நிச்சயம். பிழைத்திருக்குமா என்றால், ஆண்ட்ராய்டை எடுத்த மோட்டரோலா இரண்டு முறை கைமாறியது, எச்டிசி தன் பொறியாளர்களில் ஒரு பெரிய பகுதியைக் கூகுளுக்கு விற்றது. சிறந்த கேமராவும் உறுதியான உடலும் நோக்கியாவை அவர்களைவிட மேலே வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் 2007க்கு முந்தைய இடத்தில் அல்ல.

சிம்பியனின் கடைசி போன் 2012இல் வந்த 808 பியூர்வியூ. 4.1 கோடி பிக்சல் கேமரா, 512 எம்.பி. நினைவகம். சீரிஸ் 5இன் 4 எம்.பி.யைப் போல 128 மடங்கு. அதில் ஒரு புகைப்படத்தைத் திறக்கும்போதும், உள்ளே குறிப்பேட்டில் அந்த ஒரு வெற்று வரி தயாராகக் காத்திருந்தது.