இறங்கும்போது மூச்சு வாங்காது, தொடைதான் வாங்கும்

நன்கொடை திரட்ட அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்துபோய், நடந்தே திரும்பிய சேலம் வாசகர் ஒருவரின் கேள்வி: "ஏறும்போதுதான் திணறினோம். இறக்கம் சுலபமாக இருந்தது. ஆனால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லையே, ஏன்?"

ஏற்றத்தின் கணக்கு பள்ளிப் பாடம்தான். உயர வேறுபாட்டை 1,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ உடலைத் தூக்க சுமார் 590 கிலோ ஜூல், அதாவது 140 கிலோ கலோரி. தசை தான் எரிப்பதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால் செலவு ஏறக்குறைய 560 கிலோ கலோரி.

இறங்கும்போது அதே 590 கிலோ ஜூலையும் உடல் வெப்பமாகக் கரைத்தாக வேண்டும். பிரேக் பிடிப்பது தொடையின் முன்தசை. கிணற்றில் நிறைகுடத்தை இறக்குகிறவர் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடியே நழுவவிடுவார் அல்லவா? அப்படித்தான் இந்தத் தசையும் சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது.

இது மலிவான வேலை. 1952இல் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற உடலியல் ஆய்வாளர்கள் மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர் எதிர்த்துத் தடுக்க வேண்டும். தடுத்தவருக்கு மிகக் குறைந்த ஆக்சிஜனே தேவைப்பட்டது. சிறிய உருவமுள்ள பெண் ஒருவர் பெரிய ஆணைச் சளைக்காமல் தடுத்துக் காட்டினார். நீளும் தசையில் ஒவ்வொரு இழையும் அதிக விசை தாங்குவதால், குறைவான இழைகளே வேலைக்கு வந்தால் போதும்.

சிக்கலும் அங்கேதான். தசை இழை என்பது சார்கோமியர் எனப்படும் சுருங்கும் நுண்கண்ணிகள் பல்லாயிரம் வரிசையாகக் கோத்த சங்கிலி. ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்ரோமீட்டர். உள்ளே ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் விரல் கோத்ததுபோல இருக்கும். எல்லாக் கண்ணிகளுக்கும் ஒரே பலம் கிடையாது. இழுவையில் நோஞ்சான் கண்ணி முதலில் விட்டுக்கொடுக்கும். கோத்த விரல்கள் பிரியும்வரை நீண்டுவிடும். தளரும்போது சில திரும்பக் கோத்துக்கொள்ளா. அடுத்த அடியில் பாரம் பக்கத்துக் கண்ணிக்குப் போகும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடப்பதற்குள் எத்தனை ஆயிரம் அடிகள்! கிழிந்த இடத்தில் கால்சியம் கசியும், அழற்சி வரும், வலி நரம்புகள் கூர்மையாகும். இதற்கு நேரம் பிடிப்பதால்தான் 24 முதல் 72 மணி நேரத்தில் வலி உச்சம் தொடுகிறது. பழி சுமக்கும் லாக்டிக் அமிலமோ ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தைவிட்டுப் போய்விடும். "கண்ணு பட்டிருச்சு" என்று உப்பு, மிளகாய் சுற்றிப்போடுவதால் தீங்கில்லை. வீங்கிய தசையை அழுத்தி வழிப்பதில் உண்டு.

ஒருமுறை இறங்கிய தசை பல வாரங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். இறக்கத்தில் ஓடவிட்ட எலிகளின் தசையில் கூடுதல் சார்கோமியர்கள் முளைத்திருந்தன. ஆகவே நடைக்கு 10 நாள் முன்பு நாலைந்து வளைவு தூரம் மட்டும் இறங்கிப் பாருங்கள். டி‑ஷர்ட் அச்சடிக்கும் காசில் அந்த ஒத்திகைக்கு ஒரு வேன் பிடித்துவிடலாம் என்பது என் கட்சி. பணத்தை ஏறிய கிலோமீட்டருக்கு மட்டும் எண்ணித் தருகிறவர்களுக்கும் இந்த சார்கோமியர் கதையைச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் அடியைக் குறுக்கி, முழங்காலைச் சற்று மடக்கியே வையுங்கள். கணுக்கால் பக்கம் லேஸை இறுக்குங்கள். இல்லையென்றால் பாதம் முன்னே சரிந்து பெருவிரல் நகம் கறுக்கும். வியர்த்து வறண்ட உடம்பில் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டால் சிறுநீரகத்துக்கு ஆகாது. மறுநாள் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் தைலம் தேடாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம்.