பெட்டிக்குள் கிடந்த அந்தத் துண்டு

போன வருடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் 9ஆம் தரப் பிள்ளைகளோடு பேசப் போயிருந்தேன். வாயால் கேட்க வெட்கப்படுவார்கள் என்று தெரியும், அதனால் பிஸ்கட் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் போடச் சொன்னோம். முத்தம் கொடுத்தால் பிள்ளை தங்குமா, தூக்கத்தில் விந்து வெளியேறினால் உடம்பு வற்றிப்போகுமா (பையன்கள் பாதிப்பேர் இதைத்தான் கேட்டிருந்தார்கள், பாவம், எத்தனை மாதம் பயந்து கிடந்தார்களோ) என்று வந்துகொண்டிருந்தது. அப்புறம் எட்டாக மடித்த ஒரு துண்டு. பென்சிலால் எழுதி, அழித்து, அதன்மேல் திரும்ப எழுதியிருந்தது: "ஒரு அண்ணா என்ட படத்த வெச்சிட்டு வெருட்டுறாரு. வீட்டுல சொன்னா அடிப்பாங்க. என்ன செய்ற?"

யார் எழுதியது என்று நான் தேடவில்லை. பிழை உன்னுடையது இல்லை, வெருட்டுகிறவன்தான் குற்றவாளி, 1929 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை கேட்கும் என்று முழு வகுப்புக்கும் சொல்லிவிட்டு, மணி அடித்த பிறகும் மாமரத்தடியில் நின்றேன். ஒரு பிள்ளை வந்தாள்.

14 வயது. அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் 10 வயதில் யாராவது சொல்லியிருந்தால் அந்தப் படம் போயே இராது, போயிருந்தாலும் அன்று இரவே அம்மாவிடம் சொல்லியிருப்பாள் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அம்மாவும் பக்கத்தில் இல்லை, மத்திய கிழக்கில் வேலை. அம்மம்மாதான் வளர்க்கிறார், கையில் போன் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் இப்படி எத்தனை வீடு!

"எந்த வயசில சொல்ற டொக்டர்?" என்று கிளினிக்கில் தாய்மார் கேட்கிறார்கள். உடம்பு மாறுவதற்கு முன்னாலேயே. இப்போது பிள்ளைகள் 11, 12 வயதிலேயே, சிலர் அதற்கும் முன்னரே பெரியபிள்ளை ஆகிறார்கள், ஆகவே 8, 9 வயதில் மாதவிடாயைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். யார் எங்கே தொடக்கூடாது என்பதை அதற்கும் முன்னால், 5 வயதிலேயே. சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், வீடியோ, சாப்பாடு என்று லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம், அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி உன் உடம்பில் என்ன நடந்தது என்று சொல்ல பத்து நிமிடம் எடுப்பதில்லை. பையன்களுக்கோ சடங்கும் இல்லை, பேச்சும் இல்லை.

சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளைப் பார்த்து 2018 இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டல் சொல்வது வேறு: முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை முந்திக்கொண்டு உடலுறவுக்குத் தள்ளுவதில்லை. நம் அரசாங்கமே 2017 இலிருந்து 6ஆம் தரப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறது. உடலுறவால் பரவி, பிற்காலத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரசுக்கு எதிரானது அது, தொற்றுக்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். ஊசி 11 வயதில் வருகிறது, பேச்சு மட்டும் 15 வயதில், அதுவும் "வயிற்றுவலி" என்று கூட்டிவந்து, ஸ்கேனில் ஐந்து மாதம் என்று தெரிந்த பிறகு.

அந்த நேரம் வழிகள் மிகக் குறைவு. தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றிக் கருக்கலைப்புக்கு இங்கே சட்டம் இடம் தராது. 16 வயதுக்குக் கீழே என்றால் பிள்ளை சம்மதித்திருந்தாலும் அது பாலியல் வல்லுறவுதான். பொலிசுக்குப் பயந்து வீட்டுக்குள் மறைத்து வைக்கிறார்கள், கிளினிக்குக்கு வராமல் இரத்தச்சோகையோடு பிரசவ நேரத்தில் வருகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள், உங்கள் பகுதி குடும்பநல மாதுவிடம் முதலில் சொல்லுங்கள்.

பாடசாலையில் படிப்பிப்பார்கள் என்றும் விட்டுவிட முடியாது. சுகாதாரப் பாடத்தில் அந்த அலகு வந்ததும் "வீட்டில வாசிங்க" என்று பக்கத்தைத் தள்ளிவிடும் வகுப்புகளைக் கண்டிருக்கிறேன். ஊசி போட்டுக்கொண்டு கை நோகுது என்று மகள் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு, இது எதற்கு ஊசி தெரியுமா மனே என்று நீங்களே தொடங்குங்கள்.