ஸ்டாஃபா: வெடிப்புகள் செதுக்கிய தூண்கள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மல் தீவுக்கு அப்பால், ஏறத்தாழ 33 ஹெக்டேர் மட்டுமே பரப்புள்ள ஸ்டாஃபா என்னும் தீவு உள்ளது. அங்கே இப்போது குடியிருப்போர் எவரும் இல்லை. ஆயினும் கடல் அனுமதிக்கும் கோடை நாள்களில் மல், அயோனா ஆகிய தீவுகளிலிருந்து படகுகள் வந்தவண்ணம் இருக்கின்றன. படகிலிருந்து இறங்குபவர் நடப்பது பாதையில் அன்று, முறிந்த கல்தூண்களின் தலைகளில். காலடியில் ஒவ்வொரு தூணின் வெட்டுமுகமும் அறுகோணத் தளக்கல் போலப் பொருந்திக் கிடக்க, பக்கத்தில் அதே தூண்கள் சுவராக உயர்ந்து நிற்கும். பழைய நார்ஸ் மொழியினர் இட்ட தீவின் பெயருக்கே தூண் தீவு என்பதுதான் பொருள்.

யாரோ அடுக்கியது போலத் தோன்றும் இந்தத் தூண்கள் உண்மையில் ஒரே பாளமாக இருந்த பாறை பிளந்தபோது மிஞ்சியவை. 5 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, வட அட்லாண்டிக் கடல் திறந்துகொண்டிருந்த காலத்தில், இங்கே பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறையின் குழம்பு தடித்த படலமாகப் பரவித் தேங்கியது. அது இறுகிய பிறகும் குளிர்ந்துகொண்டே இருந்தது. குளிரும் பாறை சுருங்கும். பக்கவாட்டில் சுருங்க இடமில்லாததால் உள்ளே இழுவிசை மிகுந்து, இறுகும் வெப்பநிலையைவிட 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கீழே வந்ததும் பாறை வெடித்தது. வற்றிய குளத்துச் சேற்றில் நாம் காண்பதும் இதே இயக்கம்தான். அங்கே நீர் வெளியேறுகிறது, இங்கே வெப்பம்.

மேற்பரப்பில் முதலில் தோன்றும் வெடிப்புகள் ஒழுங்கற்றவை. ஒன்றை மற்றொன்று செங்கோணத்தில் முட்டி நிற்கும். குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்புகளும் சிறுசிறு படியாக இறங்குகின்றன. ஒவ்வொரு படியிலும் சந்திப்புகள் சற்றே இடம் மாறி, இழுவிசை மூன்று பக்கமும் சமமாகத் தளரும் 120 பாகைக் கோணத்தை நெருங்குகின்றன. மூன்று மூன்று வெடிப்புகளாகச் சந்திக்கும் வலையில் கட்டங்களின் பக்க எண்ணிக்கை சராசரியாக ஆறாகத்தான் இருக்க முடியும் என்பது வடிவியல். ஆகவே ஐந்து பக்கத் தூண் ஒன்றைக் கண்டால், ஏழு பக்கத் தூணும் எங்கோ இருக்கும் என்று நம்பித் தேடலாம்.

இதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கார்ன்ஃப்ளவர் மாவைச் சம அளவு நீரில் கரைத்து, கனமான படிவாக ஒரு கிண்ணத்தில் ஊற்றி, விளக்கின் சூட்டில் சில நாள் உலரவிட்டு உடைத்தால், உள்ளே சில மில்லிமீட்டர் தடிமனில் நெட்டுக்குத்தான தூண்கள் நிற்கும். மெதுவாக உலர்ந்தால் அவை தடிக்கும், விரைந்து உலர்ந்தால் மெலியும். எரிமலைப் பாறையிலும் குளிரும் வேகத்துக்கும் தூணின் பருமனுக்கும் இதே உறவுதான். ஸ்டாஃபாவின் பாறைமுகத்தில் நேர்த்தியான தூண்களுக்கு மேலே தாறுமாறாக வளைந்த மெல்லிய தூண்களின் அடுக்கு தெரிகிறதே, அது மேலிருந்து நீர் இறங்கி விரைவாகக் குளிர்ந்த பகுதி எனப் புவியியலாளர் விளக்குகின்றனர்.

மிச்ச வேலையைக் கடல் செய்தது. தூணுக்கும் தூணுக்கும் இடையே ஏற்கெனவே பிளவு இருப்பதால் அலைகள் பாறையை அரைக்க வேண்டியதில்லை. தளர்ந்த தூணை உருவி எடுத்தால் போதும். அப்படிக் குடைந்ததுதான் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள ஃபிங்கல் குகை. 1772இல் ஐஸ்லாந்துக்குச் செல்லும் வழியில் இங்கே இறங்கிய இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் எழுதிய பின்னரே வெளியுலகம் இதை அறிந்தது. 1829இல் இசையமைப்பாளர் மெண்டல்சன் வந்தார். கேலிக் மொழியில் இதற்கு இன்னிசைக் குகை என்று பெயர். உள்ளே நுழையும் அலை கடைசிச் சுவரில் மோத, அந்த முழக்கம் வளைந்த கூரையில் பட்டு, இரு மருங்கும் நிற்கும் தூண்களுக்கிடையே திரும்பத் திரும்ப எதிரொலித்தபடி வாயிலுக்கு வருகிறது.