மோனே வரைஞ்ச சூரியன் ஏன் துடிக்குது?

அமைதியான ஒரு இயற்கைக் காட்சி, நடுவுல சின்னதா ரெண்டு ஆளு, அவ்வளவுதான் படம், ஆனா பாத்தா மனச என்னமோ பண்ணுதே, இதுல அறிவியல் ஏதாவது இருக்கான்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருக்குங்க, நிறையவே.

பிரெஞ்சு ஓவியர் க்ளாட் மோனே 1872ல பிரான்ஸோட லெ ஆவ்ர் துறைமுகத்த வரைஞ்சாரே, 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்', அதையே எடுத்துக்குவோம். விடியக்காலை மூட்டம், சாம்பல் கலந்த நீலம், முன்னாடி ஒரு படகுல கருப்பா ஆளுங்க, முகம் எதுவும் தெரியாது, மேல ஆரஞ்சு கலர்ல சூரியன். தூரத்துக் கப்பல் மங்கலா தெரியறது ஒளிச்சிதறல், ஸ்கூல்லயே படிச்சாச்சு, அத விடுங்க. அந்த சூரியன கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க, லேசா துடிக்கும்.

இப்ப அதே படத்த ஃபோன்ல பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்துங்க. சூரியன் கிட்டத்தட்ட காணாமலே போயிடும்! நிஜ சூரியன் வானத்த விட பல மடங்கு பிரகாசம், ஆனா மோனே ரெண்டையும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்துல வச்சிருக்கார், வித்தியாசம் கலர்ல மட்டும்தான். ஹார்வர்டு நரம்பியல் விஞ்ஞானி மார்கரெட் லிவிங்ஸ்டன் இத அழகா விளக்கியிருக்காங்க. கண்ணு அனுப்புற தகவல மூளை ரெண்டு வழியில அலசுது. ஒரு வழிக்கு கலர்னா என்னன்னே தெரியாது, வெளிச்ச வித்தியாசத்த வச்சு எது எங்க இருக்கு, நகருதா, எவ்வளவு தூரம்னு கண்டுபிடிக்கும். இன்னொண்ணு கலரயும் நுணுக்கத்தயும் பாத்து அது என்னன்னு சொல்லும். இந்த சூரியன்கிட்ட ரெண்டாவது வழி "இதோ சூரியன்"ங்குது, முதல் வழிக்கோ அங்க ஒண்ணுமே இல்ல, அதனால இருக்கு ஆனா எங்கன்னு உறுதியா சொல்ல முடியல, மூளை தடுமாறுது, அதான் துடிப்பு.

படகு ஆளுங்க நேர் எதிர். வெளிர் தண்ணிமேல கருப்பு, வெளிச்ச வித்தியாசம் பலமா இருக்கறதால அசையாம நிக்கறாங்க. மனுஷன் நிலையா இருக்க வானம் மட்டும் நிலைகொள்ளாம இருக்கு பாருங்க, அந்த மூடுக்கு இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது. (இதுக்கெல்லாம் எதுக்கு ஆராய்ச்சிப் பணம்னு கேக்கறவங்க இருப்பாங்க, குடுங்கய்யா, நல்லாருப்பீங்க.)

சரி, படத்துல குறியீடா ஏதாவது அர்த்தம் ஒளிஞ்சிருக்கா? ஜெர்மானியப் படைகள்கிட்ட தோத்து 1871ல முடிஞ்ச போருக்கப்புறம் பிரான்ஸ் எழுந்து நிக்கறதத்தான் இந்த விடியல் சொல்லுதுன்னு சிலர் சொல்றாங்க, இருக்கலாம். ஆனா நீலம்னா சோகம், ஆரஞ்சுன்னா நம்பிக்கைன்னு பட்டியல் போட்டுப் படிக்கறது ஜோசியம்தான். ரஷ்ய விஞ்ஞானி ஆல்ஃபிரட் யார்பஸ், ரஷ்ய ஓவியர் ரெப்பினோட ஓவியம் ஒண்ணக் காட்டி, இவங்க வயசு என்ன, வசதி எப்படின்னு கேள்விய மாத்தி மாத்திக் கேட்டு கண்ணோட அசைவப் பதிவு பண்ணார், கேள்வி மாற மாற கண்ணு போற பாதையும் மாறிச்சு. சூரியன்னா நம்பிக்கைன்னு முன்னாடியே படிச்சிட்டுப் போறவர் அந்தப் படகுக்காரங்கள எவ்வளவு நேரம் பாப்பார்னு நினைக்கறீங்க?