புது பேட்டரி வாங்குவதற்கு முன் மீட்டரை வைத்துப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு எஸ்டேட் தம்பி பைக்கைத் தள்ளிக்கொண்டே கோத்தகிரியில் இருக்கிற என் பட்டறைக்கு வந்தார். "அண்ணா, மறுபடி பேட்டரி போச்சு, புதுசு போட்டுடுங்க" என்றார். அந்த "மறுபடி"தான் எனக்கு உறுத்தியது. விசாரித்தால், எட்டு மாதத்துக்கு முன்னால்தான் வேறொரு இடத்தில் புது பேட்டரி மாட்டியிருக்கிறார். அன்றைக்கு செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் யாரும் எதையும் அளந்து பார்க்காமல் பேட்டரியை மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

பேட்டரியைக் கழற்றி இரவெல்லாம் சார்ஜில் போட்டேன். காலையில் 12.7 வோல்ட் நின்றது, செல்ஃபும் ஒரே தட்டில் எடுத்தது. அப்படியென்றால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குத் தீனிதான் போகவில்லை. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலில் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை வைத்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் 12.4-ஐத் தாண்டவே இல்லை. நல்ல வண்டியில் இந்த இடத்தில் 13.8-இலிருந்து 14.5 வரைக்கும் வரவேண்டும். சீட்டைக் கழற்றி இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தருகிற மேக்னட் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயரைத் தேடிப் பிடித்தேன். அந்த ஒயர்களை இணைக்கிற, வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கப்ளர் டீத்தூள் நிறத்துக்கு வந்து ஒரு மூலை உருகி இளகியிருந்தது, இழுத்தால் உள்ளே இருக்கிற உலோகப் பின் ஒயரோடு கையில் வந்துவிட்டது. உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. கோளாறு மொத்தமும் அதுதான்.

நம்ம மலையில் இது அதிகமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டுகிற மழை, ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் வந்துவிடும், மழை இல்லாத நாளில் மஞ்சு இறங்கி வண்டி நனைந்தே நிற்கும். கப்ளருக்குள் ஈரம் போய்ப் பச்சைக் களிம்பு பிடித்தால் அந்த இடத்தில் மின்சாரம் தடுமாறிச் சூடாகும், சூடானால் அந்த உலோகப் பின் தளர்ந்து இன்னும் சூடாகும். இப்படியே போய் ஒருநாள் உருகும்.

அந்த வண்டியில் இன்னொன்றும் இருந்தது. மஞ்சில் தெரிய வேண்டும் என்று 20 வாட்டில் இரண்டு ஃபாக் லேம்ப் போட்டிருந்தார். தப்பு சொல்ல மாட்டேன், இந்த ரோட்டில் அது தேவைதான். ஆனால் அந்த இரண்டு விளக்கும் மட்டும் மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் சார்ஜே ஏறாமல் எரியவிட்டால் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். இறக்கத்தில் ஸ்லோவில் ஊர்ந்து வரும்போது காயில் கொடுப்பதும் குறைவு. அதனால் ரிலே போட்டு, மஞ்சு விலகியதும் அணைக்கிற மாதிரி தனி சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன்.

சிலர் பெட்ரோல் மிச்சம் என்று குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டே இறங்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கியர் பிடிமானம் இல்லாமல் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். அத்தனை கொண்டை ஊசியிலும் அடிக்கிற ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாமே பேட்டரியைத்தான் உறிஞ்சும்.

கப்ளர் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லையா, கப்ளரைக் கழற்றி மஞ்சள் ஒயர்களில் பாருங்கள். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து இரண்டிரண்டாக மூன்று ஜோடியும் அளக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் ஏற ஏற மூன்றும் சமமாக ஏறவேண்டும். ஒரு ஜோடி மட்டும் படுத்துக்கொண்டால் காயில் போயிருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு மஞ்சள் ஒயரிலிருந்து பாடிக்குத் தொடர்ச்சி காட்டினாலும் காயில் எர்த் ஆகியிருக்கிறது என்றுதான் அர்த்தம். காயில் சரியாக இருந்து, ஒயரிங்கும் எர்த்தும் சுத்தமாக இருந்தால்தான் ஆர்.ஆர். யூனிட் (காயிலின் மின்சாரத்தை டி.சி.யாக்கி வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) மேல் சந்தேகப்படலாம். பலர் எடுத்ததுமே அதை மாற்றிவிடுகிறார்கள், பாவம் அது.

ஆர்.ஆர். யூனிட் உண்மையிலேயே போனால் சில நேரம் தலைகீழாகவும் நடக்கும். மீட்டர் 15-ஐத் தாண்டும், பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகும், தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மாதத்துக்கு மாதம் இறங்கும். அப்படி ஒரு வண்டியை அப்படியே ஓட்டினால் பேட்டரி உப்பிவிடும்.

பழைய மெக்கானிக்குகள் ஒரு சோதனை செய்வார்கள், ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றி இன்ஜின் நிற்கிறதா என்று பார்ப்பது. இப்போது வருகிற எஃப்.ஐ. (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) வண்டியில் அதைச் செய்யவே கூடாது, வோல்டேஜ் எகிறி இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான இ.சி.யூ. போய்விடும், அதன் விலை பேட்டரியைப் போலப் பல மடங்கு.

மார்கழிக் குளிரில் ஊட்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. உறைபனி விழுந்த காலையில் நல்ல பேட்டரியே சோர்ந்துதான் இருக்கும், ஆயிலும் கெட்டியாகியிருக்கும். கிக்கர் இருந்தால் முதல் ஸ்டார்ட்டைக் காலால் அடியுங்கள். மதியம் வெயிலிலும் அதே முனகல் என்றால் பட்டறைக்கு வாருங்கள்.

அந்தத் தம்பிக்கு உருகிய கப்ளரை வெட்டி எறிந்து, ஒயரைச் சுரண்டி சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடினேன். மீட்டர் 14.2 காட்டியது. பேட்டரி அதேதான், இன்னும் ஓடுகிறது.

நீங்கள் எங்கே பேட்டரி மாற்றினாலும் மாட்டிய கையோடு வண்டியை ஸ்டார்ட் செய்து மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. 13-ஐக்கூடத் தொடவில்லை என்றால் பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.